வீடு பார்க்கும் முன் பயண நேரம் பாருங்கள்

புதிய ஊரில் வேலை கிடைத்ததும் நம்மில் பலர் முதலில் வாடகைக்கு ஏற்ற வீடாகத் தேடுகிறோம். ஒரு வீடு பிடித்துப்போன பிறகுதான் அங்கிருந்து அலுவலகம் எவ்வளவு தூரம் என்று பார்க்கிறோம். இந்த வரிசையை மாற்றிப் பாருங்கள். வெளிச்சமான கூடமும் அகலமான பால்கனியும் மனதில் பதிந்துவிட்டால், ஒன்றே கால் மணி நேரப் பயணம்கூட ‘போகப் போகப் பழகிவிடும்’ என்றுதான் தோன்றும். பயண நேரத்துக்கு முதலில் ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, அதற்குள் மட்டும் வீடு தேடுபவருக்கு இந்தத் தடுமாற்றம் வராது.

பழகிவிடும் என்ற நம்பிக்கையை அவ்வளவாக நம்ப வேண்டாம். அலோயிஸ் ஸ்டட்சர், புரூனோ ஃப்ரை என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஜெர்மனியில் ஆண்டுதோறும் திரட்டப்படும் குடும்பக் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். அதிக நேரம் பயணம் செய்பவர்களுக்கு வாடகைக் குறைவோ கூடுதல் சம்பளமோ அந்த நேரத்தை ஈடுகட்டியிருக்க வேண்டும் என்பது பொருளியலின் எதிர்பார்ப்பு. தரவுகள் அப்படிச் சொல்லவில்லை. பயணம் நீள நீள, வாழ்க்கையில் திருப்தி குறைந்துகொண்டே போனது. உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 2004இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்கள் ஒரு நாளின் ஒவ்வொரு பொழுதிலும் எப்படி உணர்ந்தார்கள் என்று பதிவு செய்தார்கள். மகிழ்ச்சி மிகக் குறைவாக இருந்தது காலையில் வேலைக்குப் போகும் நேரத்தில்தான். பெரிய வீடு, கூடுதல் அறை போன்றவை சில மாதங்களில் நம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகின்றன. நெரிசல் அப்படியல்ல, அது தினமும் வேறு வேறு விதமாக வரும். அதனால் பழகுவதும் கடினம்.

முதல் படி: உங்கள் எல்லை எத்தனை நிமிடம்?

ஒரு வழிக்கு அரை மணி நேரம் என்று தொடங்குங்கள். மனிதர்கள் பயணத்துக்கு ஒதுக்கும் நேரம் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் பெரிதாக மாறுவதில்லை என்று யாகோவ் ஸஹாவி என்ற போக்குவரத்து ஆய்வாளர் 1970களில் எடுத்துக்காட்டினார். அதை விரித்துச் சொன்ன இத்தாலிய இயற்பியலாளர் சிசரே மார்க்கெட்டி, நாளொன்றுக்கு மொத்தம் சுமார் ஒரு மணி நேரம் என்று 1994இல் எழுதினார். நடந்து திரிந்த காலத்தில் ஊர்கள் சிறியவையாக இருந்தன. ரயிலும் காரும் வந்ததும் ஊர்கள் பரந்தன, அந்த ஒரு மணி நேரம் ஏறக்குறைய அப்படியே நின்றது. இது சராசரிதான், எல்லாருக்கும் பொருந்தும் விதி ஒன்றும் இல்லை. ஆனாலும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவருக்கு இதைவிட நல்ல தொடக்கப் புள்ளி கிடையாது.

எல்லையைத் தாண்டலாமா என்று மனம் ஊசலாடும்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒரு வழிக்கு 30 நிமிடம் கூடினால் நாளுக்கு ஒரு மணி நேரம். மாதம் 22 வேலைநாள், ஆண்டில் விடுமுறை போக 11 மாதம் என்று வைத்தால் 242 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் 30 நாள். ஆண்டுக்கு 30 நாள் கூடுதலாகச் சம்பளமில்லாமல் உழைப்பதற்குச் சம்மதமா என்று யாராவது கேட்டால் நாம் என்ன சொல்வோமோ, அதே பதிலை இதற்கும் சொல்ல வேண்டும்.

அதற்காக அலுவலகத்துக்கு எதிர் வீட்டிலேயே குடியேற வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வேலைக்குப் போகிறவர்களிடம் எவ்வளவு நேரப் பயணம் உங்களுக்கு உகந்தது என்று கேட்டு 2001இல் வெளியான ஆய்வில், சராசரி விடை சுமார் 16 நிமிடமாக இருந்தது. பூஜ்யம் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி பலருக்குத் தேவைப்படுகிறது. 15 நிமிடப் பயணத்தை 5 நிமிடமாக்க அதிக வாடகை தருவது பெரும்பாலும் வீண். 60 நிமிடத்தை 35 ஆக்கத் தருவது பெரும்பாலும் வீணல்ல.

வாரத்தில் சில நாள் மட்டும் அலுவலகம் போகிறவர்கள் நாள் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்குப் பாருங்கள். ஐந்து நாளும் போகிறவர் ஒரு வழிக்கு 30 நிமிடம் செலவழித்தால் வாரத்துக்கு 300 நிமிடம். இரண்டே நாள் போகிறவர் ஒரு வழிக்கு 75 நிமிடம் செலவழித்தாலும் அதே 300 நிமிடம்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: வீட்டிலிருந்து வேலை செய்யும் அனுமதி உங்கள் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, மேலாளரின் நல்ல மனதில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால், ஐந்து நாளும் போக வேண்டி வந்தால் தாங்குமா என்று யோசித்துத்தான் எல்லையை வகுக்க வேண்டும்.

இரண்டாம் படி: கதவிலிருந்து இருக்கை வரை அளவெடுங்கள்

வீட்டுத் தரகர் சொல்லும் ‘பத்தே நிமிஷம்’ வண்டி ஓடும் நேரம் மட்டும்தான், அதுவும் காலியான சாலையில். உங்களுக்கு வேண்டியது வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து அலுவலக இருக்கையில் உட்காரும் வரையான நேரம். வண்டியை வெளியே எடுப்பது, நிறுத்தம் வரை நடப்பது, காத்திருப்பது, வண்டிக்குள் இருப்பது, இடையில் மாறுவது, இறங்கி நடப்பது, வாசலில் அடையாள அட்டை காட்டுவது, லிஃப்ட் வரிசையில் நிற்பது எல்லாம் இதில் சேரும். காரில் போகிறவர்களுக்கு நிறுத்த இடம் தேடும் நேரமும் உண்டு. வரைபடச் செயலிகள் சொல்லும் ஓட்டு நேரத்தில் அது சேராது.

நடை நேரத்துக்கு ஜப்பானிய வீட்டு விளம்பரங்களின் விதியை எடுத்துக்கொள்ளலாம். அங்கே நிலையத்திலிருந்து இத்தனை நிமிட நடை என்று விளம்பரம் செய்பவர்கள் 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட வேண்டும், மீதம் வந்தால் அதையும் ஒரு நிமிடமாகவே எண்ண வேண்டும். சாலைத் தூரம் 800 மீட்டர் என்றால் 10 நிமிடம். சிக்னலில் நிற்பதும் மேட்டில் ஏறுவதும் அந்தக் கணக்கில் இல்லை, நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் அளக்கும்போது நேர்கோட்டில் அளக்காமல் நடக்கும் வழியாக அளக்க வேண்டும். நடுவில் ஒரு ரயில் பாதையோ சுற்றுச்சுவரோ இருந்தால், கண்ணுக்கு எதிரே தெரியும் நிலையத்துக்குக் கால் மணி நேரம் சுற்றிப் போக வேண்டியிருக்கும்.

காத்திருப்பு நேரத்தைத்தான் எல்லாரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மணிக்கு ஆறு பேருந்து என்றால் பத்து நிமிடத்துக்கு ஒன்று, சராசரியாக ஐந்து நிமிடம் நின்றால் போதும் என்று கணக்குப் போடுவோம். நெரிசலில் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு இரண்டிரண்டாக வர ஆரம்பித்தால், மணிக்கு அதே ஆறு பேருந்துதான், ஆனால் இடைவெளி 20 நிமிடம். உங்கள் சராசரிக் காத்திருப்பு 10 நிமிடமாகிவிடும். அப்புறம், உச்ச நேரத்தில் கூட்டம் பிதுங்கி முதல் வண்டியில் ஏற முடியாத நாட்களும் உண்டு. அட்டவணையைப் பார்த்து இது எதுவும் தெரியாது.

மூன்றாம் படி: நேரத்தை வரைபடத்தில் வரையுங்கள்

ஓர் இடத்திலிருந்து இத்தனை நேரத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்று வரைபடத்தில் நிறம் தீட்டிக் காட்டும் வழக்கம் பழையது. லண்டனிலிருந்து எத்தனை நாளில் உலகின் எந்தெந்தப் பகுதியை அடையலாம் என்று ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1881இலேயே ஒரு படம் வெளியிட்டார். இன்று அதே வேலையை நம் அலுவலகத்தை நடுவில் வைத்து ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம். ஓப்பன்ரூட்சர்வீஸ் போன்ற இலவசத் தளங்களில் அலுவலக முகவரியைக் கொடுத்து, 30 நிமிடம் என்று குறித்தால் அந்த எல்லை வரைந்து வரும். அது நெரிசலைக் கணக்கில் கொள்ளாத படம். அதனால் முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் வட்டமாக வராது. விரித்த கைபோல, பெரிய சாலைகள் போகும் பக்கமெல்லாம் விரல் நீண்டிருக்கும், விரல்களுக்கு நடுவே எல்லை உள்வாங்கியிருக்கும். விரல் நுனியில் இருக்கும் 18 கிலோமீட்டர் தூரத்து இடம், இடுக்கில் இருக்கும் 9 கிலோமீட்டர் இடத்தைவிட நேரத்தில் நெருக்கமாக இருக்கலாம். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இதனால் ஒரு நன்மை உண்டு. ஊர்க்காரர்கள் ‘அது ரொம்பத் தூரம்’ என்று ஒதுக்கிவிட்ட இடங்கள் உங்கள் விரல் நுனிகளில் இருக்கக்கூடும், வாடகையும் குறைவாக இருக்கும்.

எல்லைக்குள் மூன்று நான்கு பகுதிகளைத் தேர்ந்தெடுத்த பிறகு, ஒவ்வொன்றுக்கும் கூகுள் மேப்ஸில் வழி கேளுங்கள். அதில் கிளம்பும் நேரத்தை விட்டுவிட்டு, வந்து சேர வேண்டிய நேரத்தைக் கொடுக்கும் வசதி இருக்கிறது. ஒரு வேலைநாளைத் தேர்ந்தெடுத்து, அலுவலகம் தொடங்கும் நேரத்தைக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சும்மா தட்டிப் பார்த்தால் கிடைக்கும் விடை உங்களை ஏமாற்றும். சாலைப் பயணத்துக்கு அது ஒற்றை எண் தராமல், இத்தனை முதல் இத்தனை நிமிடம் வரை என்று காட்டும். பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் வழியையும் மாலை நேரத்துக்குக் கேட்க மறக்க வேண்டாம். காலையும் மாலையும் ஒரே அளவில் இருப்பது அரிது.

நான்காம் படி: மோசமான நாளை வைத்து ஒப்பிடுங்கள்

இந்தப் படியில்தான் நல்ல தேர்வும் சுமாரான தேர்வும் பிரிகின்றன, ஆகவே கொஞ்சம் நின்று பேசலாம். சாலைப் பொறியாளர்கள் சராசரி நேரத்தோடு இன்னொரு எண்ணையும் பார்ப்பார்கள்: 20 நாளில் 19 நாள் நேரத்துக்குள் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? மாதத்தில் ஏறக்குறைய ஒரு நாள் மட்டும் தாமதமாகலாம் என்ற அளவு. இரண்டு வீடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டிலிருந்து சராசரி 35 நிமிடம், மோசமான நாளில் 70. இரண்டாவதிலிருந்து சராசரி 45, மோசமான நாளில் 52. காலை ஒன்பது மணிக்குக் கட்டாயம் இருக்க வேண்டிய வேலை என்றால் முதல் வீட்டுக்காரர் தினமும் 70 நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். சராசரியில் நெருக்கமாகத் தெரிந்த வீடு நடைமுறையில் தூரமாகிவிட்டது. முன்னே பின்னே போகலாம் என்று சுதந்திரம் இருக்கும் வேலையானால், முதல் வீடே சரி.

மோசமான நாளை எங்கிருந்து கண்டுபிடிப்பது? வரைபடத்தில் உங்கள் வழியை உற்றுப் பாருங்கள். ஆற்றைக் கடக்க ஒரே பாலம், ஒரே ரயில்வே கேட், ஒரே சுரங்கப்பாதை என்று இருந்தால் அங்கே ஏதாவது நடந்தால் மாற்று வழி கிடையாது. மழைக்காலத்தில் எந்த இடத்தில் தண்ணீர் நிற்கும் என்று அந்தப் பகுதிக் கடைக்காரரிடம் கேட்டால் தெரிந்துவிடும். வழியில் பெரிய பள்ளிகள் இருந்தால் விடுமுறைக் காலத்தில் நீங்கள் பார்க்கும் சாலை வேறு, பள்ளி திறந்த பிறகு பார்க்கும் சாலை வேறு.

வண்டி மாறுவதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: ஒன்று வரை சரி, இரண்டு வேண்டாம். 15 நிமிடத்துக்கு ஒன்று வரும் ரயிலை ஒரு நிமிடத்தில் தவறவிட்டால் 14 நிமிடம் போய்விடும். மாறுமிடம் இரண்டானால் இப்படித் தவறவிட இரண்டு வாய்ப்பு. அதேபோல் கூட்டம் போகும் திசையையும் பாருங்கள். காலையில் எல்லாரும் நகரத்தின் மையத்தை நோக்கிப் போகும்போது, உங்கள் அலுவலகம் புறநகரில் இருந்தால், மையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்து எதிர்த்திசையில் போவது எவ்வளவோ நிம்மதி. வண்டி புறப்படும் முனையத்துக்கு அருகில் வீடு கிடைத்தாலும் நல்லது, உட்கார இடம் நிச்சயம். 35 நிமிடம் நின்றுகொண்டு நசுங்குவதைவிட, 45 நிமிடம் உட்கார்ந்து படித்துக்கொண்டே போவது மேல் என்று நான் நினைக்கிறேன். கனடாவில் மான்ட்ரியால் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் நடந்து, 2014இல் வெளியான ஆய்விலும் நடந்தோ சைக்கிளிலோ புறநகர் ரயிலிலோ வருபவர்கள், காரிலும் பேருந்திலும் மெட்ரோவிலும் வருபவர்களைவிடத் தங்கள் பயணத்தில் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள்.

ஐந்தாம் படி: வாடகையையும் பயணத்தையும் ஒரே கணக்கில் வையுங்கள்

வாடகை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வாடகையோடு மாதப் பயணச் செலவையும் கூட்டி, அந்த மொத்தத்தை ஒப்பிடுங்கள். பெட்ரோல், பராமரிப்பு, பாஸ், நிறுத்தக் கட்டணம், தாமதமான நாட்களில் அவசரத்துக்குப் பிடிக்கும் டாக்சி எல்லாம் சேர வேண்டும். தூரத்தில் குடியிருப்பதால் மட்டுமே ஒரு வண்டி வாங்க வேண்டி வந்தால் அந்தத் தவணையும் வாடகையின் பகுதிதான்.

மீதி வித்தியாசத்தை நேரத்தால் வகுங்கள். உங்கள் மாதச் சம்பளத்தை 100 பங்காக வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்கு அருகில் இருக்கும் வீட்டுக்கு வாடகை 10 பங்கு அதிகம், பயணச் செலவில் 4 பங்கு மிச்சம். ஆக நிகரக் கூடுதல் செலவு 6 பங்கு. மாதம் 22 மணி நேரம் மிச்சமாகிறது என்றால், ஒரு மணி நேரத்தை 0.27 பங்குக்கு வாங்குகிறீர்கள். நீங்கள் மாதம் 176 மணி நேரம் வேலை செய்தால் உங்கள் ஒரு மணி நேரச் சம்பளம் 0.57 பங்கு. அதாவது சம்பள மதிப்பில் பாதிக்கும் சற்றுக் குறைவாகக் கொடுத்து நேரத்தைத் திரும்பப் பெறுகிறீர்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை சாலைத் திட்டங்களை மதிப்பிடும்போது, உள்ளூரில் சொந்தப் பயணத்தில் மிச்சமாகும் நேரத்துக்கு மணிநேர வருமானத்தில் பாதி என்றுதான் மதிப்புப் போடுகிறது. பாதிக்குக் கீழே வந்தால் அருகில் இருக்கும் வீட்டை எடுங்கள். முழுச் சம்பளத்தையும் தாண்டினால் விட்டுவிடலாம். நடுவில் வந்தால் உங்கள் உடம்பையும் குடும்பத்தையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போனால்

இரண்டு அலுவலகங்களுக்கும் தனித்தனியாக எல்லை வரைந்து, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் தேடுங்கள். எங்கும் விழாவிட்டால் எல்லையை ஐந்தைந்து நிமிடமாகத் தளர்த்துங்கள். சரிபாதி தூரத்தில் இருப்பதுதான் நியாயம் என்று பலர் நினைத்து, இருவருக்குமே கஷ்டமான இடத்தில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். வேலை நேரம் கறாராக இருப்பவர் யார், இரவு தாமதமாகத் திரும்புபவர் யார், குழந்தையைப் பள்ளியிலோ காப்பகத்திலோ விட்டு அழைத்து வருபவர் யார் என்று பார்த்து, அவருக்கு நெருக்கமான பக்கம் சாய்வதுதான் சரி. குழந்தையை விடும் சுற்று வழியை அந்த ஒருவரின் பயண நேரத்தோடு கூட்ட வேண்டும். பெரும்பாலும் அது பெண்ணின் கணக்கில்தான் விழுகிறது, யாரும் எழுதி வைப்பதில்லை.

இரவு வேலை பார்ப்பவர்கள் கடைசிப் பேருந்து, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும், நிறுத்தத்திலிருந்து வீடு வரை விளக்கு இருக்கிறதா என்பதையும் முதல் கேள்வியாகவே கேளுங்கள்.

ஆறாம் படி: ஒத்திகை

முன்பணம் கொடுக்கும் முன் அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை, ஒரு வேலைநாளில், உண்மையான நேரத்தில் ஒருமுறை போய் வாருங்கள். செவ்வாய், புதன், வியாழன் இவற்றில் ஒன்று நல்லது. வீடு காட்டச் சொல்லும்போதே காலை எட்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டால் ஒரே நடையில் இரண்டு வேலையும் முடியும். மாலையில் அலுவலகம் விடும் நேரத்தில் அதே வழியில் திரும்புங்கள், கூடவே இருட்டிய பிறகு அந்தத் தெரு எப்படி இருக்கிறது என்றும் தெரிந்துவிடும். வேறு ஊரில் இருந்துகொண்டு தேடுகிறீர்கள், நேரில் போக வழியில்லை என்றால், ஒரு வாரம் காலை மாலை அந்த நேரங்களில் செயலியைத் திறந்து அப்போதைய பயண நேரத்தைக் குறித்து வையுங்கள். ஏழெட்டு எண்கள் சேர்ந்தாலே ஏற்ற இறக்கம் புலப்படும். அதே பகுதியிலிருந்து வரும் சக ஊழியர் ஒருவர் இருந்தால், ‘எவ்வளவு நேரம் ஆகும்’ என்று கேட்காமல் ‘எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறீர்கள்’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு நல்ல நாளின் விடை வரும், இரண்டாவதற்கு உண்மை வரும்.

ஒப்பந்தம் போடும்போது

வேலையில் நீங்கள் நிரந்தரமாகும் வரை நீண்ட கால ஒப்பந்தம் போட வேண்டாம். முதல் சில மாதங்களுக்கு விடுதியோ பகிர்ந்துகொள்ளும் அறையோ எடுத்து, ஊர் பிடிபட்ட பிறகு வீடு தேடுவது இரண்டு முறை சாமான் கட்டும் சிரமத்துக்குத் தகும். அலுவலகம் இடம் மாறப்போவதாகப் பேச்சு இருக்கிறதா என்று மனிதவளத் துறையில் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறே இல்லை. அடிக்கடி வேலை மாறும் துறை என்றால், இந்த ஒரு அலுவலகத்துக்கு நெருக்கமான இடத்தைவிட, இரண்டு மூன்று வழித்தடங்கள் சந்திக்கும் இடம் பத்து நிமிடம் கூடினாலும் நல்ல தேர்வு. அடுத்த வேலை எந்தப் பக்கம் கிடைத்தாலும் வீடு மாற்ற வேண்டியிருக்காது. சொந்த வீடு வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் பல மடங்கு முக்கியம்.

ஏற்கெனவே தூரத்தில் குடியேறிவிட்டவர்கள், ஒப்பந்தம் முடியும் வரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. காலையில் கிளம்பும் நேரத்தைக் கால் மணி நேரம் முன்னும் பின்னும் நகர்த்தி, ஒவ்வொன்றையும் சில நாட்கள் முயன்று, நேரங்களைக் குறித்து வையுங்கள். உச்ச நெரிசலின் விளிம்பில் கால் மணி நேர நகர்வு பயணத்தைக் கணிசமாகச் சுருக்குவது உண்டு. சுருங்கினால், அந்தக் குறிப்புகளைக் காட்டியே மேலாளரிடம் வேலை தொடங்கும் நேரத்தை மாற்றித் தரக் கேட்கலாம். ஒப்பந்தம் புதுப்பிக்க இரண்டு மாதம் இருக்கும்போது முதல் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள், இந்த முறை செயலி சொன்ன எண்களுக்குப் பதிலாக உங்கள் சொந்தக் குறிப்புகளே கையில் இருக்கும்.